படகு எஞ்சின், உங்கள் மாடி அறை ஆகியவை தொடர்பாக

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். உங்கள் வீட்டில் அனைவரும், குறிப்பாக ஐந்து வாரமாக அங்கே தங்கியிருக்கும் உங்கள் அக்காவும், நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம்தான்; படகு நலமில்லை. உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அதற்குப் பணிவாகப் பதில் எழுதுவதாக இருந்தேன். முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. மறுமுறை படித்துப் பார்த்தபோது இதில் பணிவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கே விளங்காததால் அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கேனும் குரல் உயர்ந்திருந்தால் அது வேண்டுமென்றே உயர்த்தப்பட்டது என்று கொள்ளவும். உங்களை ‘நீ’ என்று எழுதிவிடவும் ஒரு பக்கம் முயன்றேன். பேனா ஒத்துழைக்கவில்லை.

நீங்கள் எழுதியிருப்பது இது: “அத்தான், அக்காவுக்காக மாடி ரூமைக் காலி பண்ணி வெள்ளையடிச்சாச்சு. ஜன்னல் பக்கம் தையல் மெஷினைப் போட்டாச்சு. அக்கா இனிமே இங்கயே இருந்துக்கட்டும். நீங்க நிதானமா படகைப் பாருங்க.” இதில் ‘நிதானமா’ என்ற சொல்லை நான் பல முறை படித்தேன். ‘இனிமே’ என்ற சொல்லை ஒரு முறைக்கு மேல் படிக்க முடியவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு என்னோடு குடித்தனம் நடத்தியவளை ஒரு ஜன்னலையும் ஒரு வாளிச் சுண்ணாம்பையும் காட்டி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்களா? அவள் படகு இல்லாததால் வந்தவள். படகு ஏன் இல்லை என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்றதும் ஏரிக்கரையில் வீடு பார்க்கலாம் என்றது உங்கள் அக்கா. அக்கரையில் உங்கள் வீட்டுப் பின்னறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கிறேன் என்றதும் அவளே. பேருந்தில் ஏரியைச் சுற்றிவர இரண்டரை மணி நேரம், படகில் இருபத்தைந்து நிமிடம் என்று எடுத்துச்சொல்லி, உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் இந்தப் படகையும் எஞ்சினையும் முடித்துக் கொடுத்தவர் நீங்கள். “அத்தான், எஞ்சின் தங்கம். கயித்தை இழுத்தா போதும், உங்க பேச்சைக் கேக்கும்” என்றீர்கள். என் பேச்சை இதுவரை உயிருள்ளது எதுவும் கேட்டதில்லை, உயிரற்றது மட்டும் எப்படிக் கேட்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கேட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது வாரத்துக்கு முன் ஒரு பிற்பகல், வகுப்பு முடிந்து திரும்பும்போது, நடு ஏரியில், உங்கள் அக்காவும் நானும் பட்டன் தைக்க வேண்டிய ஒன்பது சட்டைகளும் உட்கார்ந்திருக்க, கருகல் வாடையோடு நின்றுபோனது. துடுப்புப் போட்டுக் கரை சேர ஒன்றே முக்கால் மணி நேரம். உங்கள் அக்கா துடுப்புப் போட்டாள். நான் திசை சொன்னேன். கடைசி அரை மணி நேரம் அவள் அந்தத் திசைகளையும் கேட்கவில்லை.

படகுத்துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமல், “ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?” என்று கேட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் வயதுக்குப் பரவாயில்லை என்றேன். அவர் கேட்டது எஞ்சினைப் பற்றி. ஓடும் எஞ்சினின் பின்புறத் துளையிலிருந்து நீர் பீய்ச்ச வேண்டுமாம். உள்ளே ஒரு சின்ன பம்ப் ஏரித் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைத்து வெளியே தள்ளுகிறதாம். அந்த பம்ப்புக்குள் சுழல்வது ஆறு இதழ் கொண்ட ஒரு ரப்பர் சக்கரம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், இம்பெல்லர் என்கிறார்கள். பெரியவரே கழற்றிக் காட்டினார். ஆறு இதழில் ஒன்றரைதான் மிச்சம் இருந்தது. “இந்த ரப்பரை மாத்துங்க, ஓடும். இது ஒண்ணும் பெரிய விஷயமில்லை” என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன எல்லோரையும் ஒரு வரிசையில் நிற்கவைத்தால் வரிசை உங்கள் வீட்டு வாசலில்தான் முடியும். நீங்களும் சொன்னீர்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு ஆண்டு எடை, அளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை பார்ப்பது என் வேலை. ஒரு தராசு தவறாகக் காட்டினால்கூட, நம்முடைய படிக்கல்தான் தேய்ந்துவிட்டதோ என்று அலுவலகத்துக்குத் திரும்பிப்போய்ச் சரிபார்த்துவிட்டு வருவேன். என்னை நான் எப்போதும் சந்தேகிப்பேன். பொருளின் மேல் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் சந்தேகித்ததில்லை. ஆகவே எஞ்சினின் மேல்மூடியில் இருந்த மாடல் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தலைகீழாகவும் ஒரு முறை படித்துச் சரிபார்த்தேன். கிழிந்த ரப்பரை ஓர் உறையில் போட்டுக்கொண்டேன். உங்கள் அக்காவிடம் “வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிடுவேன்” என்றேன். எந்த வெள்ளி என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் கம்பெனி ஏஜென்சிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், சுவர் நிறையச் சிரித்துக்கொண்டு படகு ஓட்டும் குடும்பங்களின் படங்கள். டோக்கன் கொடுத்தார்கள். என்னைத் தவிர யாருமே இல்லாத இடத்தில் என் எண் நாற்பத்தேழு. கவுன்டரில் இருந்த பெண் நான் சொன்ன எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, “ரப்பர் மட்டும் தனியா வராது சார். செட்டாத்தான் வரும்” என்றாள். செட்டில் என்னென்ன வரும் என்றேன். பம்ப், பம்ப்பின் கூடு, தட்டு, வளையம் நான்கு, திருகு ஆறு. “அதெல்லாம் என்னிடம் நன்றாக இருக்கிறதே அம்மா” என்றேன். “அப்போ அதை பத்திரமா வச்சுக்கங்க சார்” என்றாள். விலையைக் கேட்டேன். என் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதி. கத்தியிருக்க வேண்டும். “பரவாயில்லைங்க” என்று சொல்லிப் பணம் கட்டினேன். பத்து நாளில் வந்தது. பொருந்தவில்லை. ரப்பர் சக்கரம் என் பழைய கூட்டைவிடப் பெரிது. புதிய கூடு எஞ்சினில் அதற்குரிய இடத்தைவிடப் பெரிது. எனக்குத்தான் மாட்டத் தெரியவில்லை என்று நினைத்து ஏழு முறை மாட்டிப் பார்த்தேன். எட்டாம் முறை ஏஜென்சிக்கே கொண்டுபோனேன். “பாக்கெட் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம் சார்” என்றார்கள். பிரிக்காமல் எப்படி மாட்டுவது என்று கேட்க நினைத்து, பேருந்தில் ஏறிய பிறகு கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

இதற்கிடையில் உங்கள் அக்கா வகுப்பு நாட்களில் பேருந்தில் போகத் தொடங்கியிருந்தாள். போக இரண்டரை, வர இரண்டரை. ஒரு நாள் வந்து செருப்பைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து நின்றாள். அன்றும் நான் “வெள்ளிக்கிழமை” என்றேன்.

அடுத்து உதிரிபாகக் கடைத்தெரு. அது ஒரு சந்து. இருபக்கமும் கடைகள், ஒவ்வொரு வாசலிலும் பாம்புபோல் தொங்கும் பெல்ட்டுகள், தரையெல்லாம் கிரீஸ். மூன்றாவது கடையில் தாடி வைத்த ஒருவர். “ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?” என்றார். நல்லதாக இருந்தால் போதும் என்றேன். “நல்லதுன்னு ஒண்ணு கிடையாது ஐயா. ஒரிஜினல் இருக்கு, டூப்ளிகேட் இருக்கு, ஒரிஜினல் மாதிரி டூப்ளிகேட் இருக்கு. டூப்ளிகேட் மாதிரி ஒரிஜினலும் இருக்கு, அதை நாங்க வாங்குறதில்லை.” எண்ணைச் சொன்னேன். எடுத்துவைத்தார். விலை ஏஜென்சியில் கால் பங்கு, மகிழ்ச்சியோடு வாங்கிவந்தேன். அதுவும் பொருந்தவில்லை. ஏஜென்சி கொடுத்தது எவ்வளவு பெரிதாக இருந்ததோ அதே அளவு பெரிதாக இருந்தது. திரும்பப் போனேன். தாடிக்காரர் என் உறையிலிருந்த கிழிசலை வாங்கிப் புதியதோடு வைத்துப் பார்த்து, “ஐயா, இது அண்ணன், இது தம்பி. எஞ்சினைக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்” என்றார். பழையது தேய்ந்து சிறுத்திருக்கிறது, எண் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் அவருக்கு விளக்கினேன். ரப்பர் எப்படித் தேயும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே வேறு மூன்று பேருக்கு வியாபாரம் முடித்தார்.

எஞ்சின் நாற்பது கிலோ. எனக்கு முதுகு வலி. ஆகவே எண் பொறித்திருக்கும் மேல்மூடியை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். நடத்துனர் பார்த்துவிட்டு, “பெரியவரே, தலை மட்டும் வருதா? உடம்பு அடுத்த பஸ்ஸா?” என்றார். பேருந்தே சிரித்தது. தாடிக்காரரிடம் மூடியை நீட்டி, “எண்ணை நீங்களே படியுங்கள்” என்றேன். அவர் மூடியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “தலைவலின்னு டாக்டர்கிட்ட போயி தொப்பியைக் காட்டுவீங்களா ஐயா? மூடி ஓடாது. ஓடுறதைக் கொண்டாங்க.” கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் “பரவாயில்லைங்க” என்று சிரித்துவிட்டு வந்தேன். அது நான்காவது வெள்ளிக்கிழமை.

அன்று மாலை உங்கள் அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அல்லது பதில் சொல்லாமல் இருந்திருப்பேன். “அவங்க உங்களைப் பாத்து சிரிக்கிறாங்க, நீங்களும் சேந்து சிரிச்சிட்டு வர்றீங்க. எனக்கு கால் வலிக்குதுங்க. படகு ஓடுற அன்னிக்கு வந்து கூப்பிடுங்க, வர்றேன். பஸ்ல வந்து கூப்பிட்டா வரமாட்டேன்” என்றாள். மறுநாள் நீங்கள் வேன் கொண்டுவந்தீர்கள். தையல் இயந்திரத்தின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடித்தீர்கள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். என் மனைவி என் வீட்டைவிட்டுப் போவதற்கு நானே சுமை தூக்கியிருக்கிறேன் என்பது வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. உங்களுக்கு அதுகூட உறைக்கவில்லை. “அத்தான், முதுகைப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்புக் கடையில் என் மாடல் எண்ணோடு செத்த எஞ்சின் ஒன்று கிடப்பதாக வலை பின்னும் பெரியவர் சொன்னார். போனேன். கடைக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் ‘துரு அண்ணன்’ என்றே கூப்பிடுகிறார்கள். சைக்கிள்கள், ஜன்னல் கம்பிகள், ஒரு பள்ளிக்கூடத்தின் அத்தனை மேசைக் கால்கள், நடுவில் அந்த எஞ்சின். உள்ளே இருக்கும் ரப்பர் மட்டும் போதும் என்றேன். “ரப்பரை உங்களுக்குக் குடுத்துட்டு எஞ்சினை யார் தலையில கட்டுறது? எடைக்குத்தான். முழுசா எடுத்துக்கங்க” என்றார். இரண்டு பேர் தூக்கித் தராசில் வைத்தார்கள். நாற்பத்து மூன்றரை என்று முள் காட்டியது. வெற்றுத் தட்டிலேயே அந்த முள் கொஞ்சம் சாய்ந்திருந்ததை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

மைத்துனரே, எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நாற்பத்தேழாம் டோக்கன், தொப்பி, உங்கள் வாளிச் சுண்ணாம்பு எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. “உன் தராசு பொய் சொல்கிறது” என்று கத்தினேன். எழுத்துநடையில்தான் கத்தினேன், அவசரத்தில் பேச்சுநடை வரவில்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஒரு லாரி நின்றது. துரு அண்ணன், “யோவ் பெருசு, வார்த்தையைப் பாத்துப் பேசு. ஒன்பது வருஷத் தராசு இது” என்றார். நான் எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போய், முத்திரையுள்ள ஐந்து கிலோ படிக்கல் இரண்டை இரவல் வாங்கிவந்து தட்டில் வைத்தேன். பத்துக் கிலோவுக்குப் பத்தே முக்காலே அரைக்கால் என்று காட்டியது. “பார்” என்றேன். நான் யாரையும் ‘பார்’ என்று சொன்னது அதுவே முதல் முறை.

துரு அண்ணன் பார்த்தார். பிறகு மேசைக் கால்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். “ஐயா, நான் தெருவெல்லாம் இரும்பு வாங்குறதும் இதே தராசுலதானே? அப்போ ஒவ்வொருத்தனுக்கும் இல்லாத இரும்புக்குக் காசு குடுத்திருக்கேனா?” என்றார். ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தது. “நான் இரும்பு விக்கிற ஃபேக்டரிக்காரன் எடை போடும்போதெல்லாம் குறையும். அவன் திருடன்னு ஒன்பது வருஷமா சண்டை போடறேன். அவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட போகலை.” அதன் பிறகு அவர் எனக்கு ஸ்டூல் போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். முள்ளைச் சரிசெய்து கொடுத்தேன். என் வாழ்வில் ஒரே ஒரு முறை ஒருவர் மீது பாய்ந்தேன். அதுவும் அவருக்கு உபகாரமாக முடிந்தது. “எஞ்சினை விடுங்க, நாளைக்குக் காலையில நம்ம பம்ப் அக்காவை அனுப்புறேன். படகு, போர்வெல் ரிப்பேர் எல்லாம் அவங்க கைதான்” என்றார். இப்போது மணி பதினொன்றே கால். எந்த அக்காவும் வரவில்லை. வருவார்கள் என்று நான் நம்பவும் இல்லை. ஒன்பது வாரமாக என்னிடம் ‘நாளைக்கு’ என்று சொல்லாதவர்கள் ஏரி மீன்கள் மட்டும்தான்.

ஆகவே இதை இறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் முடித்துக் கொடுத்த எஞ்சின் தங்கம் அல்ல. உலகத்தில் எந்தக் கடையிலும் அதற்குப் பாகம் இல்லாத ஒரு பித்தலாட்டம். ஏதோ ஓர் எண்ணை வெளியே பொறித்து உள்ளே வேறு எதையோ வைத்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அதை உங்களுக்குத் தெரிந்த அந்த மனிதரிடமே திருப்பிக் கொடுங்கள்; நீங்களே வந்து, நாற்பது கிலோவையும் நீங்களே தூக்கி. உங்கள் மாடி அறையின் சுண்ணாம்பைச் சுரண்டி, ஜன்னலைச் சாத்தி, முன்பு அங்கே என்ன மூட்டை கிடந்ததோ அதையே திரும்பப் போடுங்கள். உங்கள் அக்காவை வேனில் கொண்டுவந்து விடுங்கள். தையல் இயந்திரத்தின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். அதற்கு மேல் உங்களிடம் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மேலே உள்ள கோபம் எதுவும் அவர்களைச் சேராது. நீங்களும் நீண்ட ஆயுளோடும் குறைவற்ற உடல்நலத்தோடும் இருந்து, நான் எழுதியதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பம்ப் அக்கா வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், பேன்ட் போட்டு, தோளில் கருவிப் பை. நான் குறிப்பேட்டை நீட்டினேன். “அதை அப்புறம் பாக்கலாம் ஐயா” என்று படகுக்குப் போனார். மேல்மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். எஞ்சினைப் படகோடு பிடிக்கும் இரும்புத் தாங்கியில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, பாசி படிந்திருந்தது, கட்டைவிரலால் துடைத்தார். அதில் வேறு எண் இருந்தது. “உங்க எஞ்சின் நம்பர் இதுதான். இந்த மூடி வேற யாரோ வீட்டுது. பழைய மாடல், புது மாடல், மூடி மட்டும் ரெண்டுக்கும் ஒரே அச்சு” என்றார்.

யார் வீட்டு மூடி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சென்ற ஆண்டு மழைக்கு முன், நம் எஞ்சினுக்கும் பக்கத்தில் படகு கட்டும் ஓய்வுபெற்ற பல் மருத்துவரின் எஞ்சினுக்கும் உங்கள் அக்கா கித்தான் உறை தைத்துக் கொடுத்தாள். அளவெடுப்பதற்காக இரண்டு மூடிகளையும் நான்தான் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கலந்துவிடக் கூடாது என்று இரண்டிலும் ‘நமது’, ‘அவரது’ என்று சீட்டுக் கட்டியவனும் நானே. சீட்டைக் கட்டுவதற்கு முன் எது எது என்று பார்த்திருக்கலாம். பல் மருத்துவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. ஏஜென்சியிலும் சந்திலும் நான் வாங்கியவை இரண்டும் அவருடையதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பதால் எதிர்காலத்துக்கு ஒன்றை வாங்கிக்கொண்டார்.

சரியான ரப்பர் சக்கரம் பம்ப் அக்காவின் பையிலேயே இருந்தது. அதன் விலை உங்கள் ஊருக்குப் பேருந்தில் வந்துபோகும் கட்டணத்தைவிடக் குறைவு. மாட்டப் பத்து நிமிடம். கயிற்றை இழுத்தார், ஓடியது, பின்னால் நீர் பீய்ச்சியது. வலை பின்னும் பெரியவர் கைதட்டினார். ஆகவே எஞ்சின் பற்றியும், ஏஜென்சிப் பெண் பற்றியும், தாடிக்காரர் பற்றியும், உங்களுக்குத் தெரிந்த அந்த நல்ல மனிதர் பற்றியும் மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திருத்தி எழுதினால் நான்கு மணித் தபால் போய்விடும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படகில் உங்கள் துறைக்கு வருகிறேன். உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டாம். படகு வந்தால் வருவேன் என்று அவள் சொன்னாள். படகைக் கொண்டுவருவது பற்றியே ஒன்பது வாரம் யோசித்த நான், படகில் வந்து நிற்பவனோடு திரும்பிவர அவளுக்கு இன்னும் மனமிருக்குமா என்று இன்று மதியம்தான் யோசித்தேன். அந்த ஜன்னல் அவளுக்குப் பிடித்துப்போயிருக்கலாம். அப்படியானால் நான் அவளை வற்புறுத்த மாட்டேன். மாடி அறையில் கிடப்பது ஒருவர் படுக்கும் கட்டிலா, இருவர் படுக்கும் கட்டிலா என்பதை மட்டும், அவளுக்குத் தெரியாமல் அளந்து, சனிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவிக்கவும்.